சத்தம் வரும் பக்கம்

எனக்கு இடது காது கேட்காது. இதைச் சொன்னதும் பலர் குரலை உயர்த்திப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. வலது காது நன்றாக வேலை செய்கிறது. பக்கத்து அறையில் மெதுவாகப் பேசுவதுகூடக் கேட்கும். எனக்கு இல்லாதது வேறொன்று. ஒரு சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியாது. கோவில்பட்டி பேருந்து நிலையத்தில் யாராவது கூப்பிட்டால் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி, முகம் முகமாகப் பார்ப்பேன். கூப்பிட்டவர் என் முதுகுக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருப்பார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் காது கெட்டதால்தான் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். கேட்பதற்கு விசித்திரமாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அது சாதாரணமாக நடந்தது.

புதூர்ப் பக்கத்துக் கரிசல் ஊர் எங்களுடையது. மழை பெய்தால் பருத்தி, கம்பு, உளுந்து; பெய்யாவிட்டால் வெடிப்பு விழுந்த வெறும் நிலம். எங்களுக்கு நிலமும் இல்லை, வெள்ளாடுகள்தான். வெள்ளாடு செம்மறி மாதிரி ஒரே கும்பலாகத் தலையைக் குனிந்துகொண்டு போகாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு திசை. ஊருக்குக் கிழக்கே ஓடை ஒன்று உண்டு. தண்ணீர் ஓடுவது அபூர்வம். இரண்டு கரையிலும் உடைமரமும் சீமைக்கருவேலமும் அடர்ந்து கிடக்கும். ஆடுகள் அதற்குள் நுழைந்துவிட்டால் கண்ணால் ஒன்றையும் பார்க்க முடியாது. கத்துவதை வைத்துத்தான் எது எங்கே நிற்கிறது, எது முள்ளில் மாட்டியிருக்கிறது, எது குட்டி போடப் போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆடு மேய்க்கிறவனுக்குக் கம்பு இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். காது இல்லாமல் முடியாது.

சின்ன வயதில் எனக்குக் காதில் சீழ் வடிந்தது. அதற்கு எங்கள் பக்கம் எருக்க இலையை நெருப்பில் வாட்டி, பிழிந்து, வெதுவெதுப்பாகச் சாறு விடுவார்கள். அம்மாவும் விட்டாள். சீழ் நின்றது. அதோடு அந்தக் காதும் நின்றுபோனது யாருக்கும் தெரியவில்லை, எனக்கே தெரியவில்லை. கூப்பிட்டால் திரும்பினேன், சொன்னதைச் செய்தேன். பல வருடம் கழித்து ஒரு டாக்டர், சாறு கெடுத்ததா சீழ் கெடுத்ததா என்று இனிமேல் சொல்ல முடியாது என்றார். அம்மாவிடம் நான் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

ஒரு நாள் ஓடைக்குள் சினையாடு ஒன்று கத்தியது. அப்பா என்னைப் போய்ப் பார்க்கச் சொன்னார். நான் கத்தல் கேட்ட பக்கம் ஓடினேன். ஓட ஓடக் கத்தல் குறைந்தது. திரும்பி ஓடினேன். மறுபடியும் குறைந்தது. அதற்குள் அண்ணன் வேறு பக்கமாகப் போய் ஆட்டைப் பிடித்திருந்தான். அது போட்டிருந்த குட்டியை அதற்கு முன்பே நாய் தூக்கிவிட்டது.

அப்பா திட்டவில்லை. சாயங்காலம் ஊர்க்களத்துக்குக் கூட்டிப்போய் நடுவில் நிறுத்தி, தோளில் கிடந்த துண்டால் என் கண்ணைக் கட்டினார்.

"சத்தம் எங்கன வருதோ அங்கன கையைக் காட்டுல."

கைதட்டினார். நான் வலது பக்கம் காட்டினேன். மறுபடி தட்டினார். மறுபடியும் வலது பக்கம். எனக்கு எல்லாச் சத்தமும் அங்கிருந்துதான் வந்தது.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏலே, அப்பா இங்கன நிக்காவ, நீ பருத்திக்காட்டைக் காட்டுதே! எனக்குக் கட்டுங்கப்பா, நான் காட்டுதேன்."

அப்பா அவன் கண்ணையும் கட்டினார். கைதட்டலைக் காட்டினான். அப்பா சத்தமில்லாமல் நடந்து போய் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டார். கல் விழுந்த இடத்தைக் காட்டினான். தூரத்தில் இருமிய யாரோ ஒருவரையும் சேர்த்துக் காட்டினான். அவன் முகத்தில் அன்றைக்கு இருந்த பெருமை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பெரியவன் ஆட்டுக்கு ஆவான். சின்னவன் ஆவ மாட்டான். அவனைப் பள்ளிக்கொடத்துல விட்டுருவோம்."

அவ்வளவுதான். எங்கள் வீட்டில் கல்வி இப்படி வந்தது.

பிறகு படிப்பு எனக்கு ஒட்டிக்கொண்டது. தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் கல்லூரியில் சேர்ந்தேன். விலங்கியல் கிடைத்தது. நானாகக் கேட்டு வாங்கியது அல்ல, கிடைத்ததைப் படித்தேன்.

தவளையைப் பற்றிய செய்முறை வகுப்பு ஒன்று வந்தது. மயக்கிய தவளையை மெழுகுத் தட்டில் வைத்திருந்தோம். எங்களுக்குப் பாடம் எடுத்த மேடம் அதிகம் பேசாதவர். தவளையின் கண்ணுக்குப் பின்னால் வட்டமாக இருக்கும் சவ்வைக் காட்டினார். அதுதான் அதன் காது, மடல் கிடையாது. தவளையின் வாயைத் திறந்து, தாடையின் மூலையில் இருந்த துளைக்குள் ஒரு ஈர்க்கை மெதுவாக விட்டார். வெளியே அந்த வட்டச் சவ்வு உள்ளிருந்து லேசாகப் புடைத்தது.

"இந்தக் காதும் வாயும் ஒரே அறை. அந்தக் காதும் அதே அறை. நடுவில் கதவு இல்லை," என்றார்.

பிறகு விளக்கினார். மனிதத் தலை பெரியது. வலப்பக்கச் சத்தம் இடது காதுக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் பிந்தும், கொஞ்சம் குறையும். அந்த வித்தியாசத்தை வைத்து மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. தவளையின் தலையோ சின்னது. இரண்டு காதுக்கும் சத்தம் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே அளவில் வந்துவிடும். அப்படியிருந்தும் இருட்டில், நூறு தவளைகள் கத்தும் குளத்தில், பெண் தவளை தனக்கு வேண்டிய ஒரு குரலைத் தேடி அதன் பக்கத்திலேயே போய் நிற்கிறது. எப்படி? ஒரு காதில் நுழைந்த சத்தம் வாய் வழியாகப் போய் மறு காதின் சவ்வை உள்ளிருந்து தள்ளுகிறது. அதே சவ்வை வெளியிலிருந்தும் சத்தம் தள்ளுகிறது. நுரையீரல் வழியாகக்கூடக் கொஞ்சம் சத்தம் உள்ளே வருகிறது. உள்ளே தள்ளுவதும் வெளியே தள்ளுவதும் மோதி, மிச்சம் என்னவோ அதற்குத்தான் சவ்வு ஆடும். சத்தம் வரும் பக்கத்துச் சவ்வு அதிகமாக ஆடும், மறுபக்கத்தது குறைவாக. தவளை ஒரு தாவல் தாவும், நிற்கும், தலையைக் கொஞ்சம் திருப்பும், மறுபடி தாவும். நேர்கோட்டில் போகாது, வளைந்து வளைந்துதான் போகும். ஆனால் போய்ச் சேர்ந்துவிடும்.

"ஒரு காதில் களிம்பு தடவி அடைத்துவிட்டால்?" அவரே கேட்டுவிட்டு அவரே பதில் சொன்னார். "அவ்வளவுதான். கேட்கும் காதின் பக்கமாகவே திரும்பித் திரும்பிச் சுற்றிக்கொண்டிருக்கும்."

நான் எழுந்து, "அப்போ அதுக்குக் காது கேட்காதா மேடம்?" என்றேன்.

"கேட்குமே. எல்லாம் கேட்கும். எங்கே என்பதுதான் தெரியாது."

உட்காரும்போது என் கை இடது காதில் இருந்தது. என் உடம்பைப் பற்றி அதுவரை யாரும் எனக்கு இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. காது டாக்டரும் சொல்லவில்லை. ஒரு தவளையைக் கிடத்தி வைத்துக்கொண்டு மேடம் சொன்னார்.

அந்த வருடம் மே மாத விடுமுறையில் ஊருக்குப் போனேன். அப்பா அதற்கு முந்திய வருடமே இறந்துவிட்டார். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. ஆடுகள் முழுக்க அண்ணன் பொறுப்பு. மதினி தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கும் வேலை. அதனால் அண்ணனுடன் ஆட்டுக்குப் போனவள் அவர்களுடைய மகள். ஏழு வயது முடிந்து எட்டு நடந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் இன்னும் சேர்க்கவில்லை. ஓடையின் ஒரு கரையில் அவன், மறு கரையில் அவள். நடுவில் ஆடுகள்.

பிள்ளைக்கு அப்படி ஒரு காது. ஒரு கத்தலை வைத்தே அது எந்த ஆடு, எந்த மரத்தடி என்று சொல்லிவிடுவாள். அண்ணன் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது அவளைச் சேர்த்துவிட வேண்டும் என்று நான் சொன்னேன். போன வருடமும் சொன்னேன். இந்த வருடமும் விட்டால் அடுத்த வருடம் அவளே கூச்சப்பட்டுப் போக மாட்டாள். பிறகு ஆடு, அதன் பிறகு ஆபீஸ், அதன் பிறகு கல்யாணம். எங்கள் தெருவில் எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் அதுதான் நடந்திருந்தது.

அண்ணன் கேட்டுக்கொண்டே வேலிமுள்ளை வெட்டினான். "உனக்கு ஒரு காது போச்சு. அதுக்குப் பதிலா பேனா குடுத்தாவ. இவளுக்கு ரெண்டும் நல்லாத்தானல இருக்கு? நல்ல காதைக் கொண்டுபோய் எதுக்குப் பள்ளிக்கொடத்துல அடைக்கணும்?"

"அண்ணே, படிப்பு காது கெட்டவனுக்கு மட்டும் உள்ளதா?"

"இந்த வீட்டுல அப்படித்தான்."

மதினி உள்ளேயிருந்து, "தம்பி சொல்லுததையும் கொஞ்சம் கேளுங்களேன்," என்றாள்.

"நீ சும்மா கெட. தொரை காலேஜுல படிக்காரு. அவருக்கு எல்லாம் தெரியும்."

அவன் என்னிடம் பேசும்போதெல்லாம் இப்படி ஒரு முள் இருக்கும். படித்தவன்மேல் படிக்காத அண்ணனுக்கு இருக்கும் சாதாரணக் குத்தல் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். பதில் பேச மாட்டேன்.

இரண்டொரு நாளில் கோடை மழை பெய்தது. மதியத்துக்கு மேல் கறுத்துக்கொண்டு வந்து நன்றாகவே அடித்தது. முதல் தண்ணீரை நிலத்து வெடிப்புகள் குடித்தன; மிச்சம் ஊருணிக்குப் போய் முழங்கால் அளவுக்குத் தேங்கியது. பொழுது சாயும்போது தவளைகள் தொடங்கிவிட்டன. எந்த வெடிப்புக்குள் எத்தனை மாதம் கிடந்தனவோ தெரியாது. ஊருணி ஓரத்தில்தான் எங்கள் ஆட்டுப்பட்டி. அண்ணன் மழையில் சரிந்த முள்வேலியைச் சரிசெய்துகொண்டிருந்தான். நானும் பிள்ளையும் பக்கத்தில் கிடந்த கல்லில் உட்கார்ந்திருந்தோம்.

எனக்கு அந்தச் சத்தம் மாவு மில்லுக்குள் நிற்பது போல. ஒரே இரைச்சல், அதுவும் ஒரே பக்கம். பிள்ளைக்கு அப்படி இல்லை.

"அந்தா, கருவேல மரத்துக்குக் கீழ ஒண்ணு. அதுதான் பெருசு. படிப்பக்கம் ரெண்டு கெடக்கு. ஒண்ணு இங்கனயே கெடக்கு சித்தப்பா, உங்க காலுக்குப் பின்னாடி!"

திரும்பிப் பார்த்தேன். மஞ்சளாக ஒன்று கன்னத்தை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவள் கைகொட்டிச் சிரித்தாள். அண்ணன் வேலியிலிருந்து நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் அன்றைக்குக் களத்தில் நான் பார்த்த அதே பெருமை.

நான் அவளுக்குத் தவளையின் காதைப் பற்றிச் சொன்னேன். "இந்தக் காதுல போன சத்தம் வாய் வழியா அந்தக் காதுக்கும் போகும். ரெண்டு காதும் உள்ளுக்குள்ளேயே பேசிக்கிடும். அதை வச்சுத்தான் எந்தத் தவளை எங்கன கத்துதுன்னு இன்னொரு தவளைக்குத் தெரியும்."

அவள் வாயை அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டு, குழறிக் குழறி, "நான் வாயத் தொறந்தா எனக்கும் போவுமா சித்தப்பா?" என்றாள்.

"ஈ போவும்," என்றான் அண்ணன்.

நான் சிரித்துக்கொண்டே மற்றதையும் சொன்னேன். ஒரு காதை அடைத்தால் தவளை என்ன ஆகும் என்பதையும், அது ஒரே பக்கமாகச் சுற்றுவதையும்.

அண்ணன் கையில் இருந்த முள்ளைக் கீழே போட்டான். "அப்பொ அதுக்குச் சத்தம் கேக்காதா?"

"எல்லாம் கேக்கும்ணே. எங்கனன்னு மட்டும் தெரியாது."

"அது எப்படில? கேட்டா எங்கனன்னு தெரியாமப் போவுமா?"

"தெரியாது. எனக்குத் தெரியாதுல்ல."

அவன் வேலியை விட்டு என் அருகே வந்தான். தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. பிறகு மிக மெதுவாகக் கேட்டான்.

"அப்பொ நீ அன்னைக்கிக் களத்துல நடிக்கலையா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"நீ வேணும்னே தப்பாக் காட்டுனேன்னுதாம்ல நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன், இத்தனை வருசமா. ராத்திரி படுத்துக்கிட்டு நான் கிசுகிசுன்னு பேசுனா உனக்குக் கேக்கும். வெளிய அப்பா செருப்பு சத்தம் கேட்டா எனக்கு முன்னாடி நீ எந்திரிப்பே. பெறவு எப்படிக் காது போச்சுங்கதை நான் நம்புவேன்? வெயிலுக்குப் பயந்து, ஆட்டுக்குப் போவ மாட்டாம, அப்பாவை ஏமாத்திட்டான்னு நெனச்சேன். உன் பள்ளிக்கொடத்துப் பையைப் பாக்கும்போதெல்லாம் இது கள்ளத்தனமா வாங்குனதுன்னுதான் தோணும்."

"அண்ணே..."

"எனக்கும்தான் ஆசையா இருந்துச்சு. நீ போற பள்ளிக்கொடத்து வேலி ஓரமாத்தானே நான் ஆடு பத்திக்கிட்டுப் போவேன்."

முள்ளை எடுத்து வேலியில் சொருகினான். நான் சொன்னதை அவன் நம்பினானா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அவன் கையால் தொட்டுப் பார்க்காத எதையும் எளிதில் நம்புகிறவன் அல்ல.

மறுநாள் காலை மதினி என்னை எழுப்பினாள். ஆபீஸ் வண்டிக்குப் போக வேண்டியவள், தூக்குவாளியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"தம்பி, உங்க அண்ணனுக்கு என்னமோ ஆயிருச்சு. காதுல பஞ்சைத் திணிச்சு அதுமேல ஈரமண்ணை அப்பிக்கிட்டு ஆட்டைப் பத்திட்டுப் போறாவ. கேட்டா பேச மாட்டேங்காவ. கொஞ்சம் கூடப் போங்க."

ஓடினேன். மழை பெய்த கரிசலில் ஓட முடியாது. ஒவ்வொரு அடிக்கும் மண் செருப்போடு ஒட்டி வந்து கால் கனக்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பிடித்தேன். இடது காதில் எண்ணெய்ப் பஞ்சு. அதன்மேல் ஊருணிக் கரையின் கரிசல் களியை அடைபோல அப்பியிருந்தான். எங்கள் மண் அப்பினால் அப்பினதுதான், காற்றுக்கூட நுழையாது.

"இடதுதானல உனக்கு?" என்றான் என்னைப் பார்த்ததும். நான் தலையாட்டினேன்.

ஆடுகள் ஓடைக்குள் இறங்கின. பிள்ளைக்கு இது விளையாட்டாக இருந்தது. மறு கரையில் நின்றுகொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள். முதலில் ஒரு கிடாய் கத்தியது. அண்ணன் வலது பக்கம் திரும்பினான். அது பின்னால் நின்றது.

"அங்கன இல்லப்பா, இங்கன! இங்கன!"

அவள் குரல் வந்ததும் அவன் அதற்கும் வலது பக்கம் திரும்பினான். அவள் அவனுக்கு நேர் எதிரே நின்றாள். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

கொஞ்சம் பொறுத்து ஓர் ஆடு முள்ளில் மாட்டிக்கொண்டு கத்தத் தொடங்கியது. அவன் கத்தலைத் தேடிப் போனான். போகப் போகச் சத்தம் தேய்ந்ததை அவன் முகத்தில் பார்த்தேன். நின்றான். தலையைத் திருப்பினான். வேறு பக்கம் நாலு எட்டு வைத்தான். மறுபடி நின்று திருப்பினான். தாவி, நின்று, திருப்பி, தாவி. அந்த நடை எனக்குத் தெரியும். என் வாழ்நாள் முழுக்க நான் நடக்கும் நடை அது. ஆடு எங்கே என்று பிள்ளைக்கு முன்பே தெரிந்துவிட்டது. அவள் வாயைத் திறக்கப் போனாள். நான் வேண்டாம் என்று கை காட்டினேன். அவன் எங்கெங்கோ சுற்றி, கையெல்லாம் கீறிக்கொண்டு, கடைசியில் ஆட்டை எடுத்தான். எடுத்ததும் பஞ்சை உருவிவிடுவான் என்று நினைத்தேன். உருவவில்லை.

ஓடையைத் தாண்டிக் கிழக்கே போக வேண்டுமானால் புதூர் ரோட்டைக் கடக்க வேண்டும். வளைவு அது, இரண்டு பக்கமும் கருவேலம் மறைக்கும். அண்ணன் எப்போதும் நடுரோட்டில் நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, பிறகு ஆடுகளை விடுவான். அன்றைக்கும் நின்றான். பாதி ஆடுகள் ரோட்டில் இறங்கியிருந்தன. பஸ்ஸின் ஹாரன் கேட்டது. எனக்கும் கேட்டது; எனக்கும் அது எந்தப் பக்கம் என்று தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரி வலப்பக்கம் திரும்பிப் பார்த்தோம். ரோடு காலியாக இருந்தது.

"அப்பா! சித்தப்பா! அந்தப் பக்கம்!"

பிள்ளை அலறிக்கொண்டு எங்களை நோக்கி ரோட்டுக்குள்ளேயே ஓடிவந்துவிட்டாள். அண்ணன் திரும்பாமலே அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓரத்தில் விழுந்தான். நான் பின்னால் தாவினேன். பஸ் பிரேக் பிடித்து இழுத்துக்கொண்டு போய், ஆடுகளுக்கு ஒரு கை தூரத்தில், கோணலாக நின்றது.

டிரைவர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினார். "ஏலே! நடுரோட்டுல பிள்ளையையும் ஆட்டையும் நிறுத்திக்கிட்டு எங்கல பாக்கே? காது என்ன அடைச்சிருக்கா?"

அண்ணன் எழுந்து நின்றான். "ஆமா அண்ணாச்சி," என்றான். "அடைச்சிருக்கு."

அவர் கிண்டல் என்று நினைத்து இன்னும் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனார்.

ஆடுகளை ஒதுக்கிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். பிள்ளை அவன் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவன் காதில் காய்ந்து போன மண்ணை விரலால் பெயர்த்தான். முடியோடு சேர்ந்து பெயர்ந்தது. பஞ்சையும் உருவிப் போட்டான். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்தான்.

"இதை வச்சுக்கிட்டாடா கோவில்பட்டி மெயின் ரோட்டுல தனியாத் திரியுதே?"

"பழகிரும்ணே. ரோட்டைக் கடக்கதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் பாத்துக்கிடுவேன். காதை நம்ப மாட்டேன்."

"நான் சிரிச்சேன்ல அன்னைக்கி."

"சின்னப் பையன் சிரிக்கத்தான் செய்வான்."

அவன் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்காமல் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அப்பா கல்லைத் தூக்கிப் போட்டாவ. எங்கன விழுந்துச்சுன்னு டக்குனு காட்டுனேன். சபாஷ் சொல்லுவாவன்னு நெனச்சேன். ஒண்ணு தப்பாக் காட்டியிருந்தா என்னையும் பள்ளிக்கொடத்துல விட்டிருப்பாவளோ என்னமோ. எனக்கு அது தெரியலையே. சரியாக் காட்டக் காட்ட உள்ள மாட்டிக்கிடுதோம்னு எனக்கு என்ன தெரியும்?"

ரோட்டுப் பக்கம் திரும்பிய ஒரு குட்டியை நான் எழுந்து மறித்துவிட்டு வந்தேன்.

"நேத்து இவ தவளையை ஒவ்வொண்ணாக் காட்டுனாள்லா," என்றான். அதோடு நிறுத்திவிட்டான். அவன் முடிக்காததை நான் புரிந்துகொண்டேன். அவள் ஊருணியைப் பார்த்துக் கை நீட்டியபோது அன்றைக்குக் களத்தில் எங்கள் அப்பா நின்ற நிலையில் அவன் நின்றுகொண்டிருந்தான்.

பிள்ளையைச் சேர்ப்போம் என்று அவன் அன்றைக்குச் சொல்லவில்லை. வீட்டில் இரண்டு மூன்று நாள் பேச்சு நடந்தது. அவள் போய்விட்டால் மறு கரையில் யார் நிற்பது என்பதுதான் கேள்வி. அதற்குப் படிப்பில் பதில் இல்லை. கடைசியில் மதினிதான் ஆபீஸை விட்டுவிட்டு ஆட்டுக்குப் போகிறேன் என்றாள்.

"அங்கன மருந்து வாடையில குனிஞ்சே கெடக்கதுக்கு இது மேலு," என்று சொல்லிச் சிரித்தாள். ஆனால் ஆபீஸில் அவளோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே அடுக்கிய தோழிகள், அவள் சொல்லும் சேத்திக்காரிகள், இருந்தார்கள். ஓடைக்கரையில் யாரும் கிடையாது. அவள் விட்டுக்கொடுத்தது அது. நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்று மதினி ஆடுகளோடு வேலிக்கு வெளியே நின்றுகொண்டாள். அண்ணனும் நானும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனோம். அண்ணன் அந்தப் பள்ளிக்கூடத்து வாசலுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

தலைமையாசிரியர் பிறந்த தேதி கேட்டார். பெரிய மழைக்கு அடுத்த மாசி என்றான் அண்ணன். அவர் சிரித்துவிட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்வதுபோல, "கையைத் தலைக்கு மேல கொண்டுவந்து அந்தப் பக்கத்துக் காதைத் தொடும்மா," என்றார். தொட்டால் ஒன்றாம் வகுப்பில் சேரும் வயது வந்துவிட்டது என்று அர்த்தம். ஐந்து வயதுப் பிள்ளைகள் எட்டாமல் முக்கிக்கொண்டிருப்பார்கள். இவள் கை தலையைத் தாண்டிப் போய்க் காது முழுவதையும் மூடிவிட்டது.

"ரொம்ப லேட்டாக் கூட்டிட்டு வந்திருக்கீங்க," என்றார் தலைமையாசிரியர்.

"ஆமா சார்," என்றான் அண்ணன். "லேட்டுதான்."

அவளைப் பாயில் உட்காரவைத்தார்கள். மற்றப் பிள்ளைகளைவிட ஒரு தலை உயரமாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நாங்கள் வாசலுக்கு வந்தபோது வேலிக்கு வெளியே ஓர் ஆடு கத்தியது. டீச்சர் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். எல்லாப் பிள்ளைகளும் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் தலை மட்டும் சுவரைப் பார்த்து, அந்த ஆடு நின்ற பக்கம் சரியாகத் திரும்பியது. இன்னொன்று கத்தியது. தலை கொஞ்சம் நகர்ந்தது.

அண்ணன் அதைப் பார்த்தான். வேகமாக வெளியே வந்தான்.

"ஆட்டைப் பத்து, பத்து," என்று மதினியிடம் சொன்னான். "இங்கன நிக்கக் கூடாது."

"ஏங்க, தண்ணி காட்டிட்டுப் போவோமே."

"ஓடைக்கும் வேண்டாம். அங்கன கத்துனா இங்கன கேக்கும் அவளுக்கு. கண்மாயைத் தாண்டிக் கொண்டுபோவோம்."

மதினி முன்னால் நடந்தாள். அவன் பின்னால் நின்று ஆடுகளை ஒதுக்கிக்கொண்டு போனான். எந்த ஆடும் கத்திவிடாதபடி, வழக்கமாக வாயால் போடும் சத்தத்தைப் போடாமல், கம்பை மட்டும் அசைத்துக்கொண்டு போனான்.